மூச்சு வந்தாச்சு, கால் போச்சு!

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் பனி இறங்கினால் வயசானவர்களுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். நிமோனியா என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீடே பதறும். செம்மேடு ஆஸ்பத்திரி, அங்கே முடியாவிட்டால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல். ஊசி, டிரிப்ஸ், ஆக்சிஜன். பெரியவர் பிழைத்துக்கொள்கிறார்.

வம்பு அப்புறம்தான். பத்து நாள் கட்டிலில் கிடந்தவருக்கு எழுந்து நிற்க முடியவில்லை!

"அசையாம படுங்க தாத்தா" என்று பேரன் அதட்டுகிறான். பாசம்தான். அந்தப் பாசம்தான் காலை முடக்குகிறது.

அமெரிக்காவில் நோய் நொடி இல்லாத 11 முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ சதை கரைந்திருந்தது! திடமானவர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலில் வாடியவர் என்ன ஆவார்?

அதே நாட்டில், 2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு. நிமோனியா நோயாளிகளை முதல் 24 மணி நேரத்துக்குள் 20 நிமிடமாவது கட்டிலை விட்டு இறக்கி உட்கார வைத்தார்கள், நடக்க வைத்தார்கள். மற்றவர்களைவிடச் சுமார் ஒரு நாள் முன்னாலேயே வீடு திரும்பினார்கள்.

இதில் மாயம் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் நுரையீரல் விரியும். இருமினால் சளி வெளியே வரும். படுத்தபடி கஞ்சி ஊட்டினாலோ புரையேறி, மறுபடியும் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

கீழ்நாட்டில் நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றலாம். மலையில்? மேடு ஏறினால்தான் மிளகுக்கொடி, சரிவு இறங்கினால்தான் பஸ். கால் போனவர் திண்ணையோடு சரி.

2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சதை கரைந்த பிறகு வந்து காலை நீட்டு, மடக்கு என்பது பாதி வேலைதான். வார்டில் முதல் நாளே தொடங்க வேண்டும். அதற்குப் பெரிய மிஷின் ஒன்றும் வேண்டாம். ஒரு நாற்காலி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளப் பழகிய ஆள். அந்த ஆளை மலை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பது அரசின் பொறுப்பு.

எல்லோரையும் எழுப்பிவிடவும் கூடாது. மூச்சு வாங்குகிறவர், ரத்த அழுத்தம் சரிகிறவர், நினைவு தடுமாறுகிறவர் விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு. மற்றவர்களின் பிள்ளைகள், "ஊசி போட்டாச்சா?" என்பதோடு நிற்காமல், "அப்பாவை இன்னிக்கு எத்தனை தடவை உட்கார வெச்சீங்க?" என்றும் நர்சம்மாவிடம் கேட்கட்டும்.