இஞ்சிவிளையைத் தாண்டினால் காப்பீடு எங்கே போகிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை என்னும் கேரள எல்லை ஊர்களில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் இங்கே வாடகைக்கு வீடு பிடித்து, ரேஷன் கார்டு வாங்கி, கேரளத்தின் காருண்யா காப்பீட்டில் இலவசமாகச் சிகிச்சை பெறுகிறார்களாம். அதனால் நாலைந்து வருடமாவது இங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் கார்டு கொடுக்க வேண்டுமாம். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் சொல்வது தவறு.

முதலில், வந்தவுடன் காப்பீடு கிடைக்கிறது என்பதே உண்மை இல்லை. காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி 2019 ஏப்ரலில் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அதன் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்தும், ஏற்கெனவே இருந்த பழைய காப்பீட்டு அட்டைகளிலிருந்தும் உருவானது. சுமார் 42 லட்சம் குடும்பங்கள் அதில் உள்ளன. நேற்று வெள்ளறடையில் குடியேறிய கட்டடத் தொழிலாளி, ரேஷன் கார்டு வாங்கிவிட்டார் என்பதற்காக அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட முடியாது. அங்கேயே பிறந்து வளர்ந்தும் பட்டியலில் விடுபட்ட மலையாளிக் குடும்பங்களே நிறைய இருக்கின்றன.

கல்யாணமாகி வரும் பெண்ணின் கதை வேறு. கணவன் வீடு பட்டியலில் இருந்தால் திருமணச் சான்றைக் காட்டி அவளைச் சேர்க்கலாம். பிறக்கும் குழந்தையையும் சேர்க்கலாம். திட்டத்தில் குடும்ப எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. தமிழ்நாட்டுக் கொல்லங்கோட்டிலிருந்து இந்தப் பக்கத்துப் பொழியூருக்கு வாழ்க்கைப்பட்டவளை வந்தேறி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே அரசின் கீழ் இருந்த பக்கத்துத் தாலுகாக்கள். அன்று மாநில எல்லைக் கோடு கிழித்த பிறகும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நிற்கவில்லை.

அடுத்த வாதம்: தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அந்த மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். கேட்க நியாயமாகத் தோன்றும். நடைமுறையைப் பாருங்கள். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பத்தின் அட்டை, அந்தத் திட்டத்தில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் செல்லும். தமிழ்நாடு தன் பணத்தில் கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. களியக்காவிளையில் ஒரே தெருவில் இரண்டு வீடு. இருவரிடமும் ஒரே மாதிரி அட்டை. ஒருவருடையது திருவனந்தபுரத்தில் செல்லும், மற்றவருடையது எல்லையோர இஞ்சிவிளையிலேயே நின்றுவிடும். எது எந்த வகை என்பது, மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுண்டரில் விரலை வைத்து, கணினியில் பெயர் வராதபோதுதான் தெரியும். உள்ளே நோயாளி, வெளியே கையில் அட்டையோடு மகன். கேரளத்தில் ரேஷன் கார்டு எடுக்க, தமிழ்நாட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டிலிருந்து பெயரை நீக்கிய குடும்பம் என்றால், இரண்டு பட்டியலிலும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

புலம்பெயர் தொழிலாளருக்கு ஆவாஸ் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2017இல் கேரளம் அதைக் கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் தொடக்கத்தில் சிகிச்சைக்கு ஒதுக்கியது 15,000 ரூபாய். அதுவும் தொழிலாளிக்கு மட்டும். மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றால் அது உதவாது.

இரண்டு பக்கமும் கார்டு வைத்திருப்பவர்கள் இல்லையா? இருக்கலாம். ஆதார் இணைப்பு இருக்கும்போது அவர்களைக் கண்டுபிடிப்பது அரசுக்குக் கடினமில்லை, பிடிக்கட்டும். அதற்காக ஊர் மாறிய எல்லோரையும் நாலு வருடம் காத்திருக்கச் சொல்வது எந்த நீதி?

நம் வரிப்பணம் என்ற வாதத்துக்கு வருவோம். பாறசாலைச் சந்தையில் சட்டை வாங்கினால் மாநில ஜிஎஸ்டி கேரளக் கருவூலத்துக்குத்தான் போகிறது, வாங்கியவர் எந்த ஊரில் பிறந்தார் என்று அது கேட்பதில்லை. காருண்யா திட்டத்தின் பண நெருக்கடி உண்மைதான், மருத்துவமனைகளுக்கு பாக்கி நிற்பதும் உண்மைதான். ஆனால் காரணம் வேறு. பட்டியலில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களுக்குத்தான் ஒன்றிய அரசு பங்கு தருகிறது. அதுவும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,052 ரூபாய் என்று கணக்குப் போட்டு, அதில் 60 சதவீதம். மீதியைக் கேரளம் சுமக்கிறது. டெல்லியிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பனச்சமூட்டில் குடியேறியவனிடம் கேட்பதில் பயனில்லை.

உள்ளூர்க்காரருக்கே முதலிடம் என்ற யோசனை நீதிமன்றத்தில் ஏற்கெனவே தோற்றிருக்கிறது. டெல்லியில் உத்தரப் பிரதேச எல்லையோரம் இருக்கும் ஜிடிபி மருத்துவமனையில் 80 சதவீதப் படுக்கைகளை டெல்லி வாக்காளர்களுக்கு ஒதுக்கிய உத்தரவை 2018 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது படுக்கையைப் பற்றியது, காப்பீட்டைப் பற்றியது அல்ல என்று சொல்லலாம். ஸ்டென்ட் வைக்கப் பணமில்லாதவனுக்குப் படுக்கை மட்டும் கிடைத்து என்ன?

கேரளத்துக்கு இந்த வலி தெரியும். 2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, கர்நாடகம் தலப்பாடியில் கேரள எல்லையை மூடியது. சாலைகளில் மண்ணைக் கொட்டியது. மங்களூருவை நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் சிலர் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார்கள். கேரளம் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வாதாடியது. நோய்க்கு மாநில எல்லை தெரியாது என்பதே அந்த வாதத்தின் சாரம். அன்று வடக்கு எல்லைக்காகச் சொன்னதைத் தெற்கு எல்லையிலும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடும் தன் கடமையைச் செய்ய வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிய தொழிலாளர், தொழிலாளர் துறைச் சான்றோடு முதலமைச்சர் காப்பீட்டில் சேர வழி வைத்திருக்கிறது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை, தமிழ்நாட்டை விட்டு ஊர் மாறிப் போகிறவரின் பின்னாலும் போகட்டும்.

இதற்கு ஒரு வழி கனடாவில் 1984இலேயே சட்டமாகிவிட்டது. புது மாகாணம் ஒருவரை மூன்று மாதத்துக்கு மேல் காக்க வைக்கக் கூடாது. அதுவரை பழைய மாகாணம் செலவை ஏற்க வேண்டும். ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று ஏற்பாடு செய்த நாட்டுக்கு இது முடியாத காரியமா?

சென்னையும் திருவனந்தபுரமும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். குடும்பம் புதிய பட்டியலில் ஏறும்வரை, பழைய அட்டை காரக்கோணம் மருத்துவக் கல்லூரியிலும், நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையிலும், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலும் செல்ல வேண்டும்; பில் தமிழ்நாட்டுக்குப் போகட்டும். எதிர்த்திசையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதே விதி. இரு பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் இதை அவையில் கேட்க வேண்டும், வரும் கூட்டத்தொடரிலேயே.