வெள்ளைக் கார்தானே என்று விடாதீர்கள்

ஜெர்சி சிட்டியில் நம்மவர்கள் பலர் வெள்ளை, சில்வர் கார் வாங்கச் சொல்லும் காரணம், கீறல் தெரியாது என்பது. தெரியாதுதான், ஆனால் கீறல் விழாமல் இருப்பதில்லை. ஜர்னல் ஸ்கொயரில் மாலை வெயில் சாய்வாக விழும்போது என் வெள்ளை கேம்ரியின் பானெட்டில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மின்னும்.

பனிக்காலத்தில் சாலை உப்பைக் கழுவியே ஆகவேண்டும். அதற்காகச் சுழலும் பிரஷ் உள்ள கார் வாஷுக்குள் விட்டால், முந்தைய வண்டியின் மண்ணும் சேர்ந்து நம் பெயிண்டைத் தேய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி மட்டும் கழுவும் இடத்துக்குப் போங்கள்.

ரயில் பாதையோரம் நிறுத்துகிறவர்கள் வெள்ளைப் பெயிண்டில் ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறந்துவந்து துருப்பிடித்த இரும்புத் துகள்கள் அவை. இரும்பைக் கரைக்கும் திரவமும், க்ளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியும் போட்டு அவற்றை எடுக்காமல் பாலிஷ் மெஷினை வைத்தால் புதுக் கீறல்தான் விழும்.

வருடாவருடம் பாலிஷ் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நிறத்தின் மேலிருக்கும் க்ளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். சராசரித் தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுதான். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சீவி எடுக்கிறது. ஆகவே கோடுகளைப் போக்கப் பாலிஷ் போடும்போது, முதலில் மென்மையான பேட், நைஸான பாலிஷ் கொண்டு உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கோடு போயிருந்தால் வெள்ளைக்கு அது போதும். ஆழமான கீறலைத் துரத்தாதீர்கள். பிறகு டிசம்பருக்கு முன் ஒரு சீலன்ட் பூசிவிட்டால், உப்பும் அழுக்கும் தண்ணீரிலேயே எளிதாகக் கழன்றுவிடும்.