பாடும் பிள்ளைக்குப் பங்கு எங்கே?

பத்து வயது பிரிட்னி ஸ்பியர்ஸ் 1992இல் ‘ஸ்டார் சர்ச்’ தொலைக்காட்சிப் போட்டியில் பாடிய காணொளியை, என்னிடம் பாட்டுக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவேன். வயதை மீறிய கனமான குரல். மேல் ஸ்தாயியிலும் பிசிறு தட்டவில்லை. பாடி முடித்ததும், அறுபது வயதைக் கடந்த தொகுப்பாளர் சிறுமியின் கண்களைப் புகழ்கிறார். காதலன் உண்டா என்று விசாரிக்கிறார். இல்லை என்றதும், தான் எப்படி என்று கேட்கிறார். அந்தப் போட்டியில் அவள் வெல்லவில்லை. ஆனால் அத்தனை பெரியவர்கள் நடுவில் அந்தக் கேள்விக்கும் பணிவாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேடையில் நின்றாள்.

லூசியானா மாநிலத்தின் கென்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் பிரிட்னி. அடுத்த ஆண்டே டிஸ்னியின் ‘மிக்கி மவுஸ் கிளப்’பில் சேர்ந்தார். கிறிஸ்டினா அகிலேராவும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் அங்கே உடன் பாடிய பிள்ளைகள். 15 வயதில் ஜைவ் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். 1998இல் ஷாப்பிங் மால்களில், கடைக்கு வந்தவர்கள் முன்னால் ஆடிப் பாடி ரசிகர்களைச் சேர்த்தார். 1999 தொடக்கத்தில் அவருடைய முதல் ஆல்பமும் முதல் பாட்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 17 வயது. சிறுவயதிலிருந்து உழைத்துப் பெற்ற இடம் அது. அதிர்ஷ்டம் என்று ஒதுக்க மாட்டேன்.

ஆனால், 2008இல் 26 வயதுப் பெண்ணின் சொத்தும் அன்றாட வாழ்க்கையும் நீதிமன்ற உத்தரவால் தந்தையின் பொறுப்புக்குப் போயின. தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று கருதப்பட்ட அதே பெண்ணை, 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸ் மேடையில் ஆட வைத்தார்கள். உழைக்கத் தகுதி உண்டு, சம்பாதித்ததைச் செலவழிக்கத் தகுதியில்லை என்பது என்ன நியாயம்? 2021 ஜூனில் நீதிமன்றத்தில் அவரே வாய்திறந்து பேசினார். நவம்பரில்தான் அந்த ஏற்பாட்டிலிருந்து விடுதலை கிடைத்தது.

பிள்ளைகளை மேடையேற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடை தரும் துணிச்சலை வகுப்பறை தராது. மேடையேற்றும் முன் சட்டத்தைப் படியுங்கள் என்கிறேன். நம் நாட்டின் குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017இல் திருத்தப்பட்டன. அதன்படி நிகழ்ச்சியில் பங்கேற்கும் பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பாத்தியத்தில் 20 சதவீதமாவது பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். பிள்ளையின் சம்மதமும் கட்டாயம்.

செலக்‌ஷனுக்கு வரிசையில் நிற்கும் பெற்றோர் இவற்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தொலைக்காட்சி நிறுவனங்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். தராத நிகழ்ச்சிக்கு என் மாணவர்களை நான் தயார்செய்ய மாட்டேன். மற்ற பாட்டு ஆசிரியர்களும் மறுக்க வேண்டும்.