பூட்டிய வீட்டில் ஒரு நல்ல படம்

படம் வீட்டுக்கே வந்துவிட்டது என்கிறார்கள். யார் வீட்டுக்கு? இன்று எந்தப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதானாலும், உழைப்பாளி மக்களின் பத்திரிகை முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

நான் சொல்ல வந்த படம் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. மலையாளப் படம்தான். ஆனால் பெயர் நமக்கும் புரிகிற பெயர். கதை நடப்பது தமிழ்க் கிராமம். பேச்சில் பெரும் பகுதி தமிழ். லிஜோ ஜோஸ் பெல்லிச்சேரி இயக்கினார். எஸ். ஹரீஷ் திரைக்கதை எழுதினார். நம் தேனி ஈஸ்வர் படம் பிடித்தார். மம்முட்டி நடித்தார். 2022 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டியபோது, பார்த்த ஜனங்களே வாக்களித்துப் பரிசு கொடுத்தார்கள். 2023 ஜனவரி 19இல் கொட்டகைகளுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டின் சிறந்த படம், சிறந்த நடிகர் என்ற கேரள அரசின் விருதுகளும் கிடைத்தன. நம் பக்கத்தில் இதைக் கொட்டகையில் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. 2023 பிப்ரவரி 23இல் நெட்பிளிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வழியாக அது ‘வீட்டுக்கு’ வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மலையாள நாடகக் குழு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வேனில் ஊர் திரும்புகிறது. குழுவின் தலைவன் ஜேம்ஸ். சிடுசிடுப்பான ஆள், காசில் கெட்டி, தமிழ்நாட்டுச் சாப்பாடும் அவனுக்குப் பிடிக்கவில்லை, பாட்டும் பிடிக்கவில்லை. உச்சி வெயிலில் வேனில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். ஜேம்ஸ் மட்டும் விழிக்கிறான். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான். சோளக்காட்டின் நடுவே நடந்து, முன்பின் அறியாத ஒரு கிராமத்துக்குள் போகிறான். ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். கொடியில் கிடந்த கைலியை எடுத்துக் கட்டுகிறான். மாட்டைக் கவனிக்கிறான். தெளிவான தமிழில் பேசத் தொடங்குகிறான். அவன் இப்போது ஜேம்ஸ் அல்ல. இரண்டு வருஷங்களுக்கு முன் அந்த வீட்டிலிருந்து காணாமல் போன சுந்தரம்!

வீட்டில் சுந்தரத்தின் மனைவி பூங்குழலி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். வேனில் ஜேம்ஸின் மனைவியும் மகனும் இருக்கிறார்கள். ஊரே திகைத்து நிற்கிறது. இது பைத்தியமா, பேயா, நடிப்பா? படம் கடைசி வரை சொல்லவில்லை. சுந்தரம் எங்கே போனான் என்பதையும் சொல்லவில்லை. ஜேம்ஸ் மறுபடி ஒரு தூக்கம் தூங்கி, ஜேம்ஸாகவே எழுந்து, வந்தவர்களோடு போய்விடுகிறான்.

“முடிச்சை அவிழ்க்காத படம் நமக்கு எதற்கு? கூலிப் பிரச்னை இருக்கிறது, வீட்டுமனைப் பிரச்னை இருக்கிறது, கனவு கண்டுகொண்டிருக்க நேரம் ஏது?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். புரியாமல் இருப்பதே பெருமை என்று எடுக்கப்பட்ட படங்களும் உலகத்தில் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் இந்தக் கனவு எந்த மண்ணால் செய்யப்பட்டது என்று பாருங்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் வானத்தையும் முந்திரியையும் நம்பிய பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் அந்த முந்திரியையும் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது. வேலை இல்லாத மாதங்களில் நம் ஆட்கள் திருப்பூருக்குப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒருவன் வெறும் டோக்கன் நம்பர். இங்கே ஒரு தாய்க்கு மகன், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். இரண்டு ஊரில் இரண்டு வாழ்க்கை வாழ்கிறவனுக்கு ஜேம்ஸ்–சுந்தரம் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்து, ஊர் விழித்திருக்கும் பகலில் தூங்கி எழும் மில் தொழிலாளியைக் கேளுங்கள். எழுந்ததும் தான் எந்த ஊரில் கிடக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தெரியாமல் விழித்ததை அவர் சொல்வார். போனவன் பணமும் அனுப்பாமல் கடிதமும் போடாமல் இருக்கும் வீடுகள் எத்தனை! அந்த வீடுகளில் பதில் கிடைக்காமலேதான் வருஷங்கள் ஓடுகின்றன. படமும் பதில் இல்லாமல் முடிவதில் பொய் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். வேற்று மாநிலத்தான் ஒருவன் கேட்காமல் வீட்டுக்குள் புகுகிறான். வேறு ஊராக இருந்தால் கட்டிவைத்து உதைத்திருப்பார்கள். இந்த ஊர் கோபப்படுகிறது, அழுகிறது. ஆனாலும் அவன் கூட்டத்தார் இரவு தங்க இடம் கொடுக்கிறது. 2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணையை வைத்து இரு பக்கத்திலும் வெறி கிளப்பப்பட்டபோது அடி யாருக்கு விழுந்தது? இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கூலிகளுக்கு. இங்கே கடை வைத்திருந்த மலையாளிகளுக்கு. அந்த எல்லையை ஒரு மனிதன் தூக்கக் கலக்கத்தில் கடந்து போவதாகக் கற்பனை செய்தது சாதாரணக் காரியமல்ல.

பழனிக்குப் பக்கத்தில் மஞ்சநாயக்கன்பட்டியில் இதைப் படமாக்கினார்கள். ‘பூ’ ராமு இதில் நடித்திருக்கிறார். வீதி நாடகத்தில் வளர்ந்த கலைஞர். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் தோழர். 2008இல் ‘பூ’ படத்தில் நடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2022 ஜூனில் காலமானார். இந்தப் படம் ஜனங்களிடம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. அந்த ஊரில் நிலம் யாருடையது, கூலி என்ன, எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் படம் கேட்கவேயில்லை. ஜேம்ஸின் இடத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து ஓர் இளைஞன் இப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்து கொடியில் கிடந்த கைலியைக் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் நமக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுபோலவே பூங்குழலி. கணவன் என்று ஒருவன் வந்து நிற்கிறான். அவள் மனம் என்ன பாடுபட்டது என்பதை முகத்தில் காட்டுகிறார்கள். வாய் திறந்து பேச அவளுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். கனவிலும் நியாயம் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இத்தனை குறையோடும் இது நல்ல படம். இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். யார் வீட்டுக்கு வந்தது?

2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் இந்தியாவில் கட்டணத்தைக் குறைத்தது. குறைத்த பிறகும் மிகக் குறைந்த மாதச் சந்தா 149 ரூபாய். அதில் செல்போனிலோ டேப்லெட்டிலோ மட்டும் பார்க்கலாம், டி.வி. பெட்டியில் பார்க்க 199 ரூபாய். மேல்தட்டுச் சந்தா 649 ரூபாய். 2023–24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி நாளுக்கு 294 ரூபாய். 149 ரூபாய்ச் சந்தாவை ஒரு வருஷம் கட்டினால் 1,788 ரூபாய். அதாவது ஆறு நாள் மண் சுமந்த கூலி! 199 ரூபாய்ச் சந்தா என்றால் எட்டு நாள் கூலி. கட்டினாலும் படம் நம்முடையதாகிவிடாது. சந்தா நின்ற மாதம் கதவு மூடிக்கொள்ளும். காசட்டோ வட்டோ வாங்கினால் பெட்டியில் கிடக்கும், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். இதை இரவல் கொடுக்கவும் முடியாது.

ஏழைக்கென்று கம்பெனி ஒதுக்கிய செல்போன் திரையில் இந்தப் படம் என்ன ஆகிறது தெரியுமா? இதில் காமிரா ஓடி ஆடுவதில்லை. ஓரிடத்தில் ஊன்றி நின்று, தெருவையும் திண்ணையையும் வாசலையும் ஒன்றாகக் காட்டுகிறது. மூலையில் நிற்கும் ஒருவர் தலை திருப்புவதும் கதைதான். உள்ளங்கைத் திரையில் அந்த மூலை தெரியாது, மனிதர்கள் எறும்பாகிவிடுகிறார்கள். படத்துக்கென்று தனியாகப் பின்னணி இசையும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஓடும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும்தான் இசை. தூரத்திலிருந்து வரும் அந்தச் சத்தம் செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் இரைச்சலாகிப் போகிறது. ஆகவே என் தீர்ப்பு இது: படத்துக்குச் சபாஷ், அது வீட்டுக்கு வந்த விதத்துக்குச் சபாஷ் இல்லை.

சுந்தரத்தின் தாய்க்குக் கண் தெரியாது. நாள் முழுக்க டி.வி.யின் முன்னால் உட்கார்ந்து, காதாலேயே பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் நம் குடிசைகளிலும் பெட்டி வந்தது. அந்தத் தாயைப் போன்றவர்கள் நம் தெருவிலும் உண்டு. கண் இல்லாத தாய்க்குப் படம் கிடைக்கிறது. அவளைப் பற்றிய படம் கண் உள்ள ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை. இது என்ன நீதி?

நம் கிராமங்களில் வீடியோ ஒரு காலத்திலும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருவிழாவோ சடங்கு வீடோ வந்தால், ஆளுக்கு அஞ்சும் பத்தும் போட்டு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். பெட்டி நடுத்தெருவில் இருக்கும். ஜனங்கள் பாயோடு வருவார்கள். விடிய விடிய மூன்று படம் ஓடும். படம் புரியாத கிழவிக்குப் பேரன் விளக்குவான். ஒருவர் சிரித்தால் தெருவே சிரிக்கும். தனியாகச் செல்போனில் பார்த்தால் ‘புரியவில்லை’ என்று மூடிவைக்கக்கூடிய இந்தப் படம், நாற்பது பேர் சேர்ந்து பார்த்தால் நிச்சயம் புரியும். மலையாளம் புரியாத இடத்தில், கேரளத்தில் வேலை பார்த்து வந்தவர் ஒருவர் சொல்லிக் கொடுப்பார்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1977இல் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்த ஜான் ஆபிரகாம் ஒரு மலையாளி. அவரும் நண்பர்களும் 1984இல் கோழிக்கோட்டில் ‘ஒடேசா’ என்ற குழுவை அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் நல்ல படங்களைக் காட்டி, ஜனங்களிடம் சிறு சிறு காசாகத் திரட்டினார்கள். அந்தக் காசில் 1986இல் ‘அம்மா அறியான்’ என்ற படம் பிறந்தது. கொட்டகை முதலாளியிடம் போகாமல், அதையும் ஊர் ஊராகத் தூக்கிப் போய்க் காட்டினார்கள். கையில் பணம் இல்லாதவர்கள் செய்த காரியம் இது!

இன்று தடையாக நிற்பது கம்பெனியின் நிபந்தனை. சந்தா கட்டியவர் தம் வீட்டாரோடு பார்க்கலாம். ஊரைக் கூட்டிக் காட்ட அது அனுமதிக்காது. சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டு. இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பேரன் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும்! கலைஞர்களின் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். கூலியின் அருமை நமக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. கொட்டகையில் ஓடி முடிந்து, செல்போனிலும் வந்துவிட்ட படத்தை, சங்கக் கட்டடத்திலும் ஊர்ப் பொது இடத்திலும் நூலகத்திலும் குறைந்த கட்டணத்துக்குக் காட்ட அனுமதி வேண்டும். அரசு விருது பெற்ற படங்களின் ஒரு பிரதி அரசு நூலகங்களில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர்களுக்கு இதில் நஷ்டம் என்ன? சந்தா கட்டப்போகாத ஜனங்கள்தானே பார்க்கப் போகிறார்கள்!

சங்கக் கிளைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கேட்கலாம். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் தோழர்களை உடன் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளைத் துணியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் மீதியை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். மஞ்சநாயக்கன்பட்டி ஜனங்கள் தங்கள் வாசலைத் திறந்துவிட்டதால்தான் இந்தப் படம் உண்டாயிற்று. அந்தப் படத்தின் கதவை அவர்களைப் போன்ற ஜனங்களுக்குத் திறந்துவிடச் சொல்வது பிச்சையல்ல, உரிமை.