வேட்புமனு மேசையிலேயே தேர்தல் முடிந்துவிடக் கூடாது

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்கள் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றன. அவற்றின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. உள்ளாட்சித் தேர்தல் நேர்மையாக நடந்ததா என்று பேசும்போதெல்லாம் நம் கவனம் பணப் பட்டுவாடாவிலும் வாக்குச்சாவடியிலும் வாக்கு எண்ணும் மையத்திலுமே நிற்கிறது. ஆனால், வாக்காளர் முன் யார் யார் நிற்கப்போகிறார்கள் என்பது அதற்கு வெகுமுன்பே, வேட்புமனு தாக்கலாகும் ஒரு வாரத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த ஒரு வாரத்தில் நடக்கும் தவறைத் தேர்தலுக்கு முன் சரிசெய்ய இன்று வழி இல்லை. மனுவைப் பிழையின்றித் தயாரிக்கப் போதிய அவகாசமும், மனு தவறாகத் தள்ளுபடியானால் வாக்குப்பதிவுக்கு முன்பே முறையிட ஓர் இடமும் அடுத்த தேர்தலுக்குள் உருவாக வேண்டும்.

முதலில் அவகாசத்தைப் பார்ப்போம். 2022 தேர்தல் அட்டவணையை மாநிலத் தேர்தல் ஆணையம் ஜனவரி 26 அன்று மாலை அறிவித்தது. ஜனவரி 28-ல் மனுத்தாக்கல் தொடங்கி, பிப்ரவரி 4-ல் முடிந்தது. மறுநாளே பரிசீலனை, 7-ம் தேதியோடு திரும்பப் பெறும் கெடுவும் முடிந்தது. இதற்குள் வேட்பாளர் தன் பெயர் வாக்காளர் பட்டியலில் எந்த வார்டில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போட்டியிடும் வார்டிலேயே வாக்குரிமை உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும். சொத்து, கடன், குற்றவழக்கு விவரங்களோடு உறுதிமொழி ஆவணம் வேண்டும். வரி நிலுவை இருந்தால் கட்டி முடிக்க வேண்டும். தனி வார்டு என்றால் சாதிச் சான்றிதழும் வேண்டும். பெரிய கட்சியின் வேட்பாளருக்கு இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வழக்கறிஞர் அணி இருக்கிறது. தெருவிளக்குக்காகவும் கழிவுநீர்க் கால்வாய்க்காகவும் பல வருடம் மனு கொடுத்து அலைந்து, கடைசியில் தானே நின்றுவிடலாம் என்று துணியும் சுயேச்சைக்கு அப்படி யாரும் இல்லை. 2016-ல் நிலைமை இன்னும் மோசம். செப்டம்பர் 25 அன்று தேதி அறிவித்து மறுநாளே மனுத்தாக்கலைத் தொடங்கினார்கள். அந்த அறிவிக்கைகளை சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ல் ரத்து செய்தது. அதன்பிறகு நகர்ப்புற மன்றங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே கிடந்தன. அவசரப்பட்டு நடத்த முயன்ற தேர்தலே ஆகத் தாமதமான தேர்தலாக முடிந்தது.

அடுத்து, தள்ளுபடி. 2022-ல் தாக்கலான எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவை பரிசீலனையில் நிராகரிக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போட்டியின்றித் தேர்வானார்கள். நிராகரிப்புகளில் பெரும்பாலானவை சரியானவையாகவே இருக்கலாம். ஒரு சில தவறாக இருந்தால் என்ன வழி என்பதே கேள்வி. இதற்கான பதில் தமிழ் மண்ணில் எழுந்த ஒரு வழக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் சட்டமன்றத் தொகுதிக்கு என்.பி. பொன்னுசாமி தாக்கல் செய்த மனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்தார். பொன்னுசாமி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் இடையில் நீதிமன்றம் தலையிட முடியாது, எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுதான் போட வேண்டும் என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 74-வது திருத்தமும் இதே தடையை 243-இசட்ஜி பிரிவாக நகராட்சித் தேர்தல்களுக்குக் கொண்டுவந்தது.

வேறொருவர் கவுன்சிலராகிப் பதவியில் அமர்ந்தபின் வழக்குப் போட்டு, அது முடிவதற்குள் பாதிப் பதவிக்காலம் கரைந்தால், அந்த நிவாரணத்தால் வேட்பாளருக்கு என்ன பயன்? வாக்காளர் இழந்த வாய்ப்பையும் அது திருப்பித் தராது. மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நகர்ப்புறத் தேர்தலில் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களும் பேரூராட்சி செயல் அலுவலர்களும் அவர்களுக்குக் கீழுள்ள அலுவலர்களுமே தேர்தல் பணியைப் பார்க்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் அவர்கள் அதே அரசின் ஊழியர்களாக, அதே மன்றத்தோடு வேலை செய்ய வேண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்று ஏற்றுக்கொண்டாலும், மேல்முறையீடே இல்லாத அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுப்பது அவர்களுக்கும் நல்லதல்ல. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு நிராகரிக்கப்பட்டது, பின்பு ஏற்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது, கடைசியில் மீண்டும் நிராகரிக்கப்பட்டது. முன்மொழிந்தவர்களில் இருவர், மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்தே இல்லை என்றதுதான் காரணம். அவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்றார் வேட்பாளர். எந்தத் தரப்பு உண்மை என்பதை வாக்குப்பதிவுக்கு முன் நிதானமாக விசாரிக்க ஓர் அமைப்பு இருந்திருந்தால் இரு தரப்புக்கும் நியாயம் கிடைத்திருக்கும்.

மேல்முறையீடு என்று ஆரம்பித்தால் தேர்தலே நடக்காது என்பது இதற்கு வரும் முதல் ஆட்சேபம். அதைப் புறக்கணிக்க முடியாது. பொன்னுசாமி வழக்கின் தீர்ப்புக்கும் அந்தக் கவலையே அடிப்படை. மகாராஷ்டிரத்தின் 2025 நகராட்சித் தேர்தலில் வேட்புமனுக்கள் மீதான முடிவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று விதியே இருந்தது. 2025 டிசம்பர் 2-ல் நடக்கவேண்டிய வாக்குப்பதிவு, அத்தகைய மேல்முறையீடுகள் தாமதமாக முடிந்ததால், சில ஊர்களில் டிசம்பர் 20-க்குத் தள்ளிப்போனது. ஆனால், அங்கே சிக்கல் எழுந்தது மேல்முறையீட்டுக்கு இடம் தந்ததால் அல்ல, அதை முடிக்கவேண்டிய நாளைத் தேர்தல் அட்டவணைக்குள் சரியாகப் பொருத்தாததால். மூன்று நாட்களை முன்கூட்டியே ஒதுக்கி, அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று விதித்தால் தேதி தள்ளிப்போகாது. முறையீட்டைக் கேட்கும் இடம் நீதிமன்றமாக இருக்க வேண்டியதும் இல்லை. 243-இசட்ஏ பிரிவு தேர்தலை நடத்தும் பொறுப்பை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆணையத்தின் கீழேயே, வேறு மாவட்ட அதிகாரி ஒருவர் தலைமையில் மறுஆய்வு வைக்க மாநிலச் சட்டமன்றம் வழிசெய்யலாம்.

இடம் கொடுத்தால் விளையாட்டுக்கு நிற்பவர்கள் பெருகுவார்கள், குற்றவழக்கை மறைப்பவர்கள் தப்பிப்பார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். மாநகராட்சி வார்டுக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000 என்ற டெபாசிட் இருக்கவே இருக்கிறது. விளையாட்டாக நிற்பவர்களைத் தடுக்க அது போதும். பட்டியலின, பழங்குடியின வேட்பாளர்களுக்கு அதில் பாதிதான் என்பதும் சரியே. குற்றவழக்கையோ சொத்தையோ மறைப்பது வேறு, தேதி போட மறந்ததும் பக்க எண் மாறியதும் வேறு. சாரமற்ற குறைகளுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-வது பிரிவே சொல்கிறது. முதல் வகைக்கு எந்தச் சலுகையும் வேண்டாம். இரண்டாவது வகைக்கு, மனுவை வாங்கும்போதே குறைகளை எழுத்தில் கொடுத்து, ஒரு நாள் அவகாசம் தந்தால் போதும்.

மனு தாக்கலாவதையே தடுப்பவர்களைப் படிவச் சீர்திருத்தம் என்ன செய்யும் என்றும் கேட்கலாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அந்தத் தடை தானாக விலகவில்லை. 2006-ல் அரசும் மாவட்ட நிர்வாகமும் உறுதியாக நின்றதால்தான் அங்கே தலைவர்கள் பதவியேற்றார்கள். வேட்பாளருக்குத் துணைநிற்பது தன் கடமை என்று நிர்வாகம் நினைத்தால் எந்தக் கதவும் திறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

எனவே மாநிலத் தேர்தல் ஆணையமும் அரசும் இப்போதே மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். வார்டு இடஒதுக்கீட்டுப் பட்டியலை மூன்று மாதம் முன்பாகவும், தேர்தல் தேதியை மனுத்தாக்கலுக்குப் பத்து நாள் முன்பாகவும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் மனுவை முன்கூட்டிச் சரிபார்த்துத் தரும் உதவி மேசை வேண்டும். தள்ளுபடியை மூன்று நாளில் மறுஆய்வு செய்யச் சட்டம் வேண்டும். யாருக்கு வாக்கு என்பதை நாம் முடிவு செய்கிறோம். யாரெல்லாம் நிற்கலாம் என்பதைக் கெடுபிடியும் அவசரமும் முடிவு செய்ய விடக் கூடாது.