கேட்டால் கிடைக்கும் துப்பாக்கியா?

ஒரகடத்தில் ஏ.டி.எம். வாசலில் பண வேன் நின்றால், முதலில் இறங்குவது துப்பாக்கி ஏந்திய காவலாளிதான். டீக்கடையில் நிற்கும் ஷிஃப்ட் முடித்த இளைஞர்களின் கண் அதன் மேலேயே இருக்கும்.

அமெரிக்காவில் அது 1791 முதல் அரசியலமைப்பு தந்த உரிமை. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி அனுமதி மட்டும்தான். காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரிக்கும், மறுக்கவும் செய்யலாம். ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைத்தார்கள். கல்யாணக் குஷியில் ஆபத்தாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

'தற்காப்புக்கு ஆளுக்கொன்று வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பைக் உரசினாலே சட்டையைப் பிடிக்கும் சாலை இது. வேண்டவே வேண்டாம்!

ஆனால் சிக்கல் காவலாளிக்குத்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சொந்தத் துப்பாக்கியை நம்பி வேலைக்கு வந்த முன்னாள் ராணுவத்தினர், அந்தச் சமயத்தில் விலக்கு கேட்டு மனுவோடு அலைய வேண்டியிருக்கிறது.