மயக்க ஊசிக்கு முன்



நாய்களுக்கான கருத்தடை அறுவை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் மயக்க மருந்துக்கு முன் நடக்க வேண்டிய பரிசோதனை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே!

எடையைத் தராசில் பார்க்காமல், கண்ணளவில் மதிப்பிட்டு மருந்து போடுவதை ஏற்கவே முடியாது. ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிய ஈறு என்றால் ரத்தசோகை இருக்கலாம். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். அதில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அறுவையின்போது ரத்தம் எளிதில் நிற்காது. ரத்தப் பரிசோதனையை வீண்செலவு என்று வளர்ப்பவர்கள் தட்டிக்கழிப்பது இதனால்தான் வருத்தமாக இருக்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு, மயக்கத்தின்போது மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகிய குழாயை எடுத்த பிறகும், மூச்சைக் கவனிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

‘வெறும் வயிற்றோடு கொண்டு வாருங்கள்’ என்பதும் எல்லா உயிருக்கும் பொருந்தாது. வளர்ந்த நாய்க்குச் சரி. முயலால் வாந்தியெடுக்க முடியாது; அதனால் அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்று அதுவே ஆபத்தாகிவிடும். மாட்டுக்கோ வயிறு உப்பிக்கொள்ளும் என்பதால் ஒரு நாளாவது தீனியை நிறுத்த வேண்டும். சைலசின் என்னும் மயக்க மருந்தும் குதிரைக்குத் தரும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும்.

இவற்றைத் தங்கள் இதழ் விரிவாக வெளியிட்டால், டாக்டரிடம் என்ன கேட்பது என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

- ஒரு கால்நடை மருத்துவர், ஈரோடு மாவட்டம்